மணி கேட்ட அக்கா

பார்வை நேரம் காலை ஒன்பது மணி முதல் என்று அந்த கிளினிக் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நான்கு வருடமாக மாதம் ஒரு திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கிறேன். டாக்டர் ஒன்பது மணிக்கு வந்து ஒருநாளும் பார்த்ததில்லை. பத்து மணிக்கும் பார்த்ததில்லை. பதினொன்றரைக்கு அவருடைய கார் வந்து நின்றால், ஏதோ சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட மாதிரி அத்தனை பேரும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நிற்போம். முட்டி வலிக்காரர்கள்கூட பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே இருந்த ஒரே ஆள் அந்த அக்காதான். கார் சத்தம் கேட்டதும் எல்லோரும் வாசலைப் பார்ப்பார்கள். அக்கா மட்டும் கையைத் திருப்பி வாட்சைப் பார்ப்பார். "பதினொண்ணு நாப்பத்திரண்டு" என்று சத்தமாகச் சொல்வார். யாரைப் பார்த்தும் சொல்வதில்லை, பொதுவாகச் சொல்வார். டாக்டர் காதில் விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி.

புதுக்கோட்டையில் அந்த கிளினிக் எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சர்க்கரைக்குப் பேர்போன டாக்டர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போன மாதமும் நான் அங்கேதான் போனேன். அடுத்த மாதமும் போவேன். ஆகவே சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட ஆள்தான் இதை எழுதுகிறேன் என்பது முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கறம்பக்குடிக்கு உள்ளே தள்ளி ஏதோ ஒரு ஊர். பெயர் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கு நான் குளத்தூர்ப் புள்ள, எனக்கு அவர் கறம்பக்குடி அக்கா, அவ்வளவுதான். நெட்டையான உடம்பு, வெயிலில் காய்ந்த கை. அந்தக் கையில் வீட்டுக்காரருடைய வாட்சைக் கட்டியிருப்பார். ஆண்பிள்ளை வாட்ச், பட்டை தளர்ந்துபோய் மணிக்கட்டில் நிற்காது. முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொள்வார், அது மறுபடி இறங்கிவரும். வீட்டுக்காரருக்குத்தான் சர்க்கரை. அவர் அதிகம் பேசாத மனிதர், தலையைக் குனிந்தபடி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

நான் முதன்முதலாக அக்காவைக் கவனித்தது அவர் கேட்ட கேள்வியால்தான். கவுண்டரில் டோக்கன் கொடுக்கிற ஆள் ஒருவர் உண்டு. ஷட்டர் திறப்பது, டோக்கன் கொடுப்பது, நம்பர் கூப்பிடுவது, யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது எல்லாம் அவர்தான். டாக்டருக்கு அடுத்த கடவுள் அங்கே அவர். அவர் முன்னால் போய் நின்று அக்கா கேட்டார்.

"டாக்டரு எத்தன மணிக்குப் பாப்பாருங்க?"

"வருவாரும்மா, போய் உக்காருங்க."

"வருவாருன்னு தெரியுதுங்க. எத்தன மணிக்குன்னு கேட்டேன்."

"போர்டுல போட்டுருக்குல்ல?"

"போர்டுல ஒம்போதுன்னு போட்டுருக்கு. இப்ப பத்தே முக்காலு. அதான் ஒங்ககிட்ட கேக்குறேன்."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நான் நடவுக்கு ஆளு கூட்டிக்கிட்டுப் போறவ. இருவது பொம்பளைக. எட்டு மணிக்கு வயல்ல எறங்கிறணும். கால் மணி பிந்துனா அரை ஆளுன்னு பாதிக் கூலி போட்டுருவாக. அரை ஆளு! ரெண்டு காலு ரெண்டு கையோட முழுசா நிக்கிறவள அரை ஆளுங்குறாக. இவரு மூணு மணி நேரம் பிந்துறாரே, இவர என்ன ஆளுங்குறது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் டோக்கன்காரர் பார்த்துவிடுவார். ஆனால் அக்கா வெளியே தண்ணீர் குடிக்கப் போனதும் பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒருவர் என் காதருகே குனிந்து, "அந்தம்மா கேட்டது நியாயந்தான்" என்றார். அதையும் கிசுகிசுவென்றுதான் சொன்னார். நியாயத்தைக் கிசுகிசுவென்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கும். ஆனால் நானும் அவருக்கு, "ஆமாங்க" என்று கிசுகிசுவென்றுதான் பதில் சொன்னேன்.

அந்த கிளினிக்கில் டோக்கன் வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது, நான் போன நாளிலிருந்து இருக்கிறது. ஷட்டர் ஏழு மணிக்குத்தான் திறக்கும். வெளியூர் ஆட்கள் முதல் பஸ்ஸில் ஆறு மணிக்கே வந்துவிடுவோம். வந்ததும் கையில் இருப்பதை வாசல் படியோரம் வரிசையில் வைத்துவிட வேண்டும். ஃபைல், மஞ்சப்பை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, எதுவானாலும் சரி. ஆள் போய் டீ குடிக்கலாம், சுவரோரம் உட்காரலாம். ஏழு மணிக்கு டோக்கன்காரர் அந்த வரிசையோடு நடந்து வருவார். ஒவ்வொன்றையும் காட்டி, "இது யாரு?" என்பார். உரியவர் இருந்தால் கை நீட்டி டோக்கனை வாங்கிக்கொள்வார். அந்த நேரம் ஆள் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர், "ஆளு இருக்குங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் செல்லும். அந்தப் பொருளின் மேலேயே டோக்கனை வைத்துவிட்டுப் போவார். யாரும் சொல்லாவிட்டால் பொருளை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

இதில் எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. பக்கத்து ஆளின் வாய்ச்சொல்தான். அதை நம்பித்தான் அறுபது மைல் சுற்றுவட்டாரத்து நோயாளிகள் தங்கள் இடத்தை விட்டுவிட்டு மூத்திரம் போகப் போனார்கள்.

எனக்காக அக்கா எத்தனை தடவை "ஆளு இருக்கு" சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வர வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சில நாள் கை நடுங்கும், வேர்க்கும். ஒருநாள் வரிசையில் ஃபைலை வைத்துவிட்டு நிமிர்ந்தால் அப்பா கண் சொருகி நிற்கிறார். அவரைத் தாங்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். திரும்பி வரும்போது ஷட்டர் திறந்து டோக்கன் முடிந்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். எங்கள் ஃபைலின் மேல் டோக்கன் இருந்தது. அது காற்றில் பறக்காமல் இருக்க அக்கா தன் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு நின்றார்.

"ஆளு இருக்கு ஆளு இருக்குன்னு மூணு வாட்டி சொன்னேந்தா. காது கேக்காத மாதிரி நின்னாரு. நாலாவது வாட்டி கத்துனேன். அப்பறந்தேன் வச்சாரு. ஒங்கப்பாவுக்கு இப்ப எப்புடி இருக்கு?"

இதை நான் எழுதுகிறேன் என்றால் மறக்கவில்லை என்று அர்த்தம். மறக்காமல் இருந்தும்தான் அப்படிச் செய்தேன்.

நான் குளத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் எல்லாவற்றுக்கும் மனு ஏற்றிக் கொடுப்போம். காலையிலேயே இருபது முப்பது பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சர்வர் வேலை செய்யாது. அதை அவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். அப்போது யாராவது எழுந்துவந்து, "ஏம்மா, எத்தன மணிக்கு முடியும்?" என்று கொஞ்சம் அதட்டலாகக் கேட்டால் நான் சிரித்துக்கொண்டே, "ஆயிரும்ணே, உக்காருங்க" என்பேன். சொல்லிவிட்டு அவருடைய காகிதத்தை எடுத்துக் கட்டின் அடியில் செருகிவிடுவேன். அவருக்குத் தெரியாது. மதியம் வரை உட்கார்ந்திருப்பார். இதை நான் பலமுறை செய்திருக்கிறேன்.

ஆகவே கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பது அந்த ஹாலில் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். டோக்கன்காரர் முகத்தில் வருகிற சிரிப்பு நான் சிரிக்கிற சிரிப்புதான். அக்கா கேள்வி கேட்ட நாட்களில் அவருடைய நம்பர் எப்படியோ தாண்டிப் போய்விடும். "ஒங்களத்தான் கூப்புட்டேனே, நீங்க கவனிக்கலையா?" என்பார் டோக்கன்காரர். பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது, இருபது. பதினெட்டை யாரும் கூப்பிடவில்லை என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். டை கட்டிய மருந்துக் கம்பெனிக்காரர்கள் நாலு பேர் வந்து வரிசையே இல்லாமல் உள்ளே போவார்கள். டாக்டருக்குத் தெரிந்தவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய் அதே வழியாக வெளியே வருவார்கள். நாங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் பாதப் பராமரிப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். புண் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள் என்று அதில் போட்டிருக்கும். தாமதிக்காமல்! அதைக் கிழித்துப் போட வேண்டும் என்று எத்தனையோ நாள் எனக்குத் தோன்றியிருக்கிறது.

கேட்டால் பலிக்காது என்றும் சொல்லிவிட முடியாது. ஒருதடவை பலித்ததைப் பார்த்தேன். எனக்குக் கடவாய்ப்பல் சொத்தையாகி, பொறுக்க முடியாமல் புதுக்கோட்டையிலேயே ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். அங்கே அக்கா உட்கார்ந்திருக்கிறார்! ஒரு பக்கக் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. சரியாகப் பேச முடியாமல் கையால் கன்னத்தைத் தாங்கியபடி இருந்தார். அங்கே கவுண்டரில் ஒரு சின்னப் பெண். அக்கா வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். "பத்து நிமிஷந்தாங்க" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். பாவம், அவளுக்குத் தெரியாது.

சரியாகப் பத்து நிமிடம் ஆனதும் அக்கா எழுந்துபோய் வாட்சை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள், "இன்னும் பத்து நிமிஷம்மா" என்றாள். அக்கா வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆனதும் மறுபடி எழுந்து போனார். மூன்றாவது முறை போனபோது டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார், இளவயதுக்காரர்.

"என்னம்மா, இந்தப் புள்ளைக்கு வாட்ச் விக்கிறீங்களா?"

அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பத்து நிமிசம்னாக. மூணு பத்து ஆச்சு" என்றார்.

அவர் சிரித்துவிட்டார். உள்ளே ஒரு பல் எடுப்பது நினைத்ததைவிட இழுத்துவிட்டது என்றும், இன்னும் இருபத்தைந்து நிமிடம் கட்டாயம் ஆகும் என்றும், அதற்குப் பிறகு அக்காதான் என்றும் நின்று சொன்னார். "இது போதுங்க" என்று அக்கா உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து நிமிடமும் வாட்சைப் பார்க்கவே இல்லை. பல்லை எடுத்துவிட்டு வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவர், அடுத்தது நான் என்று அந்தப் பெண்ணுக்கு விரலை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் படியிறங்கிப் போனார். அக்கா கேட்டது அவ்வளவுதான். சீக்கிரம் பார் என்று யாரையும் கேட்டதில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒரு மனுஷியிடம் சொல்வதுபோலச் சொல் என்றுதான் கேட்டார்.

சர்க்கரை டாக்டரை மாற்றிவிடலாமே என்று நானே ஒருதடவை அக்காவிடம் கேட்டேன்.

"நான் எப்பவோ மாத்தியிருப்பேந்தா. இவரு வரமாட்டேங்குறாரு. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி இவருக்கு முதுகுல ராஜபிளவைக் கட்டி வந்து, இந்த டாக்டருதான் கீறி ஆத்துனாரு. அதுலருந்து கைராசி கைராசின்னு பிடிச்சுக்கிட்டாரு. வேற யாரு கை வச்சாலும் ஆறாதாம்."

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "நீ கொஞ்சம் சும்மா இருந்தா இன்னும் நல்லாப் பாப்பாரு" என்றார். அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். எங்கள் பக்கம் இந்தக் கைராசிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆயிரம் பேர். என் அப்பாவும் அதில் ஒருவர்தான். டாக்டர் எவ்வளவு தாமதமாக வருகிறாரோ அவ்வளவு கைராசி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கைராசிக்காரரிடம் அக்கா நேராகவே ஒருநாள் கேட்டுவிட்டார். வீட்டுக்காரருக்கு இடது காலில் செருப்பு கடித்துச் சுண்டுவிரலில் புண் வந்திருந்தது. வாரம் ஒருமுறை கட்டு மாற்ற வர வேண்டும். அப்பாவுக்கும் அந்த மாதம் மாத்திரை மாற்றியிருந்ததால் நாங்களும் வாராவாரம் போக வேண்டியிருந்தது. டாக்டர் காரை விட்டு இறங்கி உள்ளே வரும்போது அக்கா வழியில் போய் நின்றார்.

"டாக்டரய்யா, போர்டுல பன்னெண்டு மணின்னு மாத்தி எழுதிருங்க. நாங்க காலையில கஞ்சி குடிச்சுட்டு வாரோம். எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

டாக்டர் ஒரு கணம் நின்றார். அக்காவைப் பார்க்கவில்லை. டோக்கன்காரரைப் பார்த்து, "என்னய்யா இதெல்லாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். டோக்கன்காரருடைய முகம் சுருங்கிப்போனது. அன்று முழுவதும் அவர் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்பரையும் தாண்டவில்லை, ஒழுங்காகக் கூப்பிட்டார்.  காகிதத்தை அடியில் செருகுகிறவர்கள் ஆள் பார்க்கும்போது செருகுவதில்லை.

அடுத்த திங்கள் நாங்கள் போனபோது ஆறு மணி இருக்கும். அக்கா முன்னாலேயே வந்து மஞ்சப்பையை ஆறாவதாக வைத்திருந்தார். அதை ஒட்டி ஏழாவதாக நான் அப்பாவின் ஃபைலை வைத்தேன். அக்கா அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்து வீட்டுக்காரரின் காலைக் காட்டினார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் கறுத்திருந்தது. வாடையும் வந்தது.

"ரெண்டு நாளா இப்புடி இருக்குத்தா. நேத்து குளுருன்னாரு. இன்னிக்கு எப்புடியும் காட்டிப்புடணும். ஆறாவது நம்பருன்னா மதியத்துக்குள்ள பாத்துருவாகல்ல?"

"பாத்துருவாகக்கா" என்றேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்காரருக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. அந்த கிளினிக்கில் கழிப்பறை இருக்கிறது, நோயாளிகளுக்கு இல்லை. சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிற இடத்தில் நோயாளிகளுக்குக் கழிப்பறை இல்லை! தெருமுனையில் கட்டணக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். அந்தக் காலோடு அவர் அங்கே நடந்து போய்த் திரும்ப அரைமணி ஆகும். அக்கா அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு, "பாத்துக்கத்தா" என்றார். "போயிட்டு வாங்கக்கா, நான் இருக்கேன்" என்றேன்.

ஷட்டர் திறந்தது. டோக்கன்காரர் வரிசையோடு வந்தார். ஐந்து முடிந்தது. மஞ்சப்பை முன்னால் நின்றார். அது யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"இது யாரு?"

இரண்டு வார்த்தை. வாய் திறந்திருந்தால் போதும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வையில் இருந்தது எனக்குப் புரிந்தது. இவளோடு சேர்ந்தவளா நீ என்று கேட்கிற பார்வை. அப்பா சுவரோரம் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து அப்பாவின் ஃபைலைச் சரிசெய்தேன்.

மஞ்சப்பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். ஆறாம் நம்பர் டோக்கனை என் கையில் கொடுத்தார்.

அக்கா திரும்பி வந்தபோது எல்லோருக்கும் டோக்கன் கொடுத்து முடிந்திருந்தது. பையைத் தேடி எடுத்தார். கவுண்டருக்குப் போனார். அவருக்கு நாற்பத்தொன்று கிடைத்தது.

"நான் ஆறாவதா வச்சேனே!"

"யாரும் ஆளு இருக்குன்னு சொல்லலையேம்மா."

"இந்தா இந்தப் புள்ள பக்கத்துலதான் நின்னுச்சு. அதக் கேளுங்க. நான் அதுக்கு முன்னாடி வச்சத அது பாத்துச்சு. இவருக்கு வெரலு கறுத்துப்போச்சுங்க, இன்னிக்குக் காட்டாட்டி ஆகாது."

டோக்கன்காரர் என் பக்கம் திரும்பினார். பழைய சிரிப்பு. "அப்புடியாங்க? நீங்க பாத்தீங்களா?"

ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். அந்தப் பை அங்கே இருந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் சொன்னால் தாங்கள் சொல்ல வேண்டியதில்லை என்று.

"நான் கவனிக்கலைங்க" என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒருமுறை பார்த்தார். பிறகு போய் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். அன்றைக்கு அக்கா மணி சொல்லவில்லை. டாக்டர் அப்பாவை மூன்று நிமிடம் பார்த்து, அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பினார். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் நான் அதைச் செய்தேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வரும்போது அக்கா இருந்த பெஞ்சைத் தாண்டித்தான் வர வேண்டும். நான் மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டே தாண்டினேன்.

அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. டோக்கன்காரர் நிம்மதியாக இருந்தார். ஹாலும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் உட்கார்ந்திருக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவின் மேலேயே கோபம் வந்தது. இவர் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாது, ஊரோடு ஒத்துப்போயிருந்தால் எனக்கு இந்த வேதனை வந்திருக்குமா என்றெல்லாம் நினைத்தேன். இப்படித்தான் புத்தி போகும்.

நான்கு மாதம் கழித்துப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். கறம்பக்குடி பஸ் நிற்கிற இடத்தில் வீட்டுக்காரர் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் வேட்டி முட்டிக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் புதிதாக இரண்டு ஊன்றுகட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அக்கா அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எப்படியோ கால் அங்கே போனது. அக்கா என்னைப் பார்த்ததும், "வாத்தா. ஒங்கப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்காருக்கா" என்றேன். வீட்டுக்காரர் காலிருந்த இடத்தை நான் பார்ப்பதை அக்கா பார்த்தார்.

"அன்னிக்கு மூணே காலுக்கு டாக்டரு கெளம்பிட்டாரு. முப்பத்தொம்பதோட நிறுத்திட்டாக. நாளைக்கு வாங்கன்னாக. மறுநா வந்தோம், டாக்டரு வெளியூருன்னாக. அதுக்கு மறுநாளும் இல்ல. வியாழக்கெழம இவருக்கு நெனவு தப்பிருச்சு. தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போனோம். திங்கக்கெழமையே யாராச்சும் பாத்திருந்தா வெரலோட போயிருக்கும்னு சொன்னாக அங்க."

கதை சொல்வதுபோலச் சொல்லவில்லை. நேரத்தையும் நாளையும் ஒவ்வொன்றாக, வாட்சைப் பார்த்துச் சொல்வதுபோலவே சொன்னார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுது அவரிடம் ஆறுதல் வாங்கிக்கொள்ளவா வந்தாய் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, நான் பாத்தேங்க்கா. ஒங்க பை எனக்கு முன்னாடிதான் இருந்துச்சு. ஆறாவதா இருந்துச்சு. எனக்குத் தெரியும்க்கா."

அக்கா பாட்டிலை மூடிப் பையில் வைத்தார். கட்டைகளை எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அதற்குள் பஸ் வந்து நின்றது. அவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குந்தான் தெரியுமேத்தா, வச்சவ நாந்தானே. எங்கிட்ட எதுக்கு இதச் சொல்ற? அன்னிக்கு அவரு கேட்டாருல்ல, அவருகிட்டச் சொல்லியிருக்கணும்."